மூலப் பிரதிக்குத் திரும்புதல்: ஹதீஸ்கலை மரபில் திருத்தத்தை ஏற்கும் பண்பு

சுட்டிக்காட்டப்பட்ட தவறை ஏற்கும் பண்பைப் பற்றி நம் மேடைகளில் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு நிகழ்ச்சி தவறாது இடம்பெறுகிறது. மஹருக்கு வரம்பு விதிக்க முனைந்த கலீஃபா உமர் (ரழி) அவர்களை ஒரு பெண்மணி அல்குர்ஆன் வசனமொன்றைக் காட்டி மறுத்துரைத்ததும், கலீஃபா அங்கேயே தம் கருத்தைக் கைவிட்டதுமான நிகழ்ச்சி அது. கேட்போர் உள்ளத்தில் எளிதில் பதியும் காட்சி என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஹதீஸ்கலை அறிஞர்கள் அதன் அறிவிப்பாளர் தொடரைக் குறித்துச் சில கருத்துக்களைச் சொல்லிச் சென்றுள்ளனர். அதனைத் தம் நூலில் பதிவுசெய்த இமாம் பைஹகீயே தொடரில் முறிவு உண்டு என்கிறார். வேறொரு வழியில் வரும் அறிவிப்பில் இடம்பெறும் முஜாலித் பின் ஸஈத் என்பாரின் நினைவாற்றல் விமர்சனத்துக்கு உள்ளானது. இப்னு கஸீர் போன்றோர் அவ்வழியை வலுவுடையதாகக் கொண்டதும் உண்டு. இவ்விவாதத்துள் நாம் இங்கு புக விரும்பவில்லை. திருத்தத்தை ஏற்பதன் சிறப்பைச் சொல்ல வந்த ஒரு செய்தியையே திருத்தத்துக்கு உட்படுத்திப் பார்த்த ஒரு மரபு நம்மிடம் இருந்தது என்பதே நம் கவனத்தை ஈர்க்கிறது. பிறர் தவறுகளை எடைபோடுவதையே தொழிலாகக் கொண்ட அம்மரபினர், திருத்தம் தங்களை நோக்கி வந்தபோது எவ்வாறு நடந்துகொண்டனர்? அவர்கள் விட்டுச்சென்ற குறிப்புகள் இவ்வினாவுக்கு விரிவாகவே விடை தருகின்றன.

ஹிஜ்ரி 205ஆம் ஆண்டளவில் (கி.பி. 820) புகாரா நகரில் தாகிலீ என்றழைக்கப்பட்ட ஓர் ஆசிரியர் ஹதீஸ் வாசித்துக்கொண்டிருந்தார். ஸுஃப்யான் அபுஸ்ஸுபைரிடமிருந்தும், அபுஸ்ஸுபைர் இப்ராஹீமிடமிருந்தும் கேட்டதாக ஒரு தொடரை அவர் வாசித்தார். அவையிலிருந்த ஒரு சிறுவன், அபுஸ்ஸுபைர் இப்ராஹீமிடமிருந்து எதையும் அறிவித்ததில்லையே என்றான். ஆசிரியர் அவனை அதட்டினார். சிறுவன் அடங்கிவிடவில்லை, தங்களிடம் மூலப் பிரதி இருந்தால் அதனைப் பாருங்கள் என்று வேண்டினான். ஆசிரியர் எழுந்து உள்ளே சென்றார், பிரதியைப் பார்த்தார், திரும்பி வந்து, சரியான தொடர் எவ்வாறு என்று அவனிடமே கேட்டார். அது அபுஸ்ஸுபைர் அன்று, அஸ்ஸுபைர் பின் அதீ என்றான் சிறுவன். ஆசிரியர் அவன் கையிலிருந்த எழுதுகோலை வாங்கித் தம் பிரதியைத் திருத்திக்கொண்டு, அவன் கூறியதே சரி என ஒப்புக்கொண்டார். பின்னாளில் இமாம் புகாரி என உலகறிந்த அச்சிறுவருக்கு அப்போது வயது பதினொன்று.

இந்நிகழ்ச்சி பெரும்பாலும் இமாம் புகாரியின் இளமைக்கால மேதைமைக்குச் சான்றாகவே எடுத்தாளப்படுகிறது. நாமோ ஆசிரியரையே மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்கிறோம். வரலாற்று நூல்களில் அவரைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. பதினொரு வயதுச் சிறுவன் பலர் முன்னிலையில் தம் தவறைச் சொன்னபோது அவருக்குச் சினம் வந்தது. அதனை அவர் மறைக்கவும் இல்லை. திருத்தத்தை நன்கு ஏற்பவர் முகம் சுளிக்காமலே ஏற்பவர் என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். மரபு அவ்வளவு கடுமையான நிபந்தனையை விதித்ததாகத் தெரியவில்லை. அதட்டியவரும் எழுந்து உள்ளே சென்றார் என்பதே இங்குப் பொருட்படுத்தத் தக்கது. ஆசிரியரின் தகுதியும் மாணவனின் வயதும் அவ்விடத்தில் பின்னுக்குத் தள்ளப்பட்டு, இருவருக்கும் நடுவராக ஒரு மூன்றாவது பொருள் வந்து நிற்கிறது. ‘அஸ்ல்’ என்று அவர்கள் வழங்கிய மூலப் பிரதி அது.

ஹதீஸ்கலையின் கற்பித்தல் முறையே இந்த ‘அஸ்லை’ மையமாகக் கொண்டு எழுந்தது. மாணவர் எழுதிய பிரதியை ஆசிரியரின் மூலத்தோடு ஒப்புநோக்கும் ‘முகாபலா’ முடியாதவரை அப்பிரதிக்கு மதிப்பில்லை. எழுதியதை ஆசிரியர் முன் வாசித்துக்காட்டும் ‘அர்ழ்’ என்பது தனியொரு பாடமுறை. தமிழ்ப் புலவர்கள் அவையோர் முன் நூலை அரங்கேற்றித் தடைகளுக்கு விடை சொல்லி நின்ற வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதன் தன்மையை விளங்கிக்கொள்வது கடினமன்று. தவறு நேரும் என்பது முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளப்பட்டு, அது வெளிப்படுவதற்கான வாயிலும் முன்கூட்டியே திறந்து வைக்கப்பட்டிருந்தது.

இமாம் முஸ்லிம் (மறைவு ஹி. 261/கி.பி. 875) தமது ஸஹீஹைத் தொகுத்தபின் அதனை ரய் நகரின் பேரறிஞர் அபூ ஸுர்ஆ அர்-ராஸீயிடம் காட்டியதாகவும், அவர் குறையுண்டு என்று சுட்டிய ஹதீஸ்களை விட்டுவிட்டதாகவும் அவருடைய மாணவர் மக்கீ பின் அப்தான் அறிவிக்கிறார். நம் நூல்களுக்கும் நாம் அறிஞர்களிடம் அணிந்துரை வாங்குகிறோம். பெரும்பாலும் நூல் அச்சுக்குப் போவதற்கு முந்திய வாரத்தில். அணிந்துரை எழுதுபவர் ஒரு பக்கத்தை மாற்றச் சொன்னால் பதிப்பாளருக்கு என்ன நேரும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆயினும் இமாம் முஸ்லிம் தமக்குச் சொல்லப்பட்ட அனைத்தையும் அப்படியே ஏற்றுக்கொண்டார் என்று எண்ணிவிடலாகாது. அஸ்பாத் பின் நஸ்ர், கதன் பின் நுஸைர் முதலிய சில அறிவிப்பாளர்களுக்கு ஸஹீஹில் இடமளித்ததை அபூ ஸுர்ஆ கடுமையாகக் குறைகூறினார். மேலும், இந்நூலில் இடம்பெறாத ஹதீஸ்களை ‘ஸஹீஹில் இல்லையே’ என்று கூறித் தள்ளிவிடக் கொள்கைப் பகைவர்களுக்கு இது வழிவகுக்கும் எனவும் அஞ்சினார். உடனிருந்து கேட்ட ஸஈத் பின் அம்ர் அல்-பர்தஈ நைஸாபூருக்குத் திரும்பியதும் இவற்றை இமாம் முஸ்லிமிடம் எடுத்துரைத்தார். இமாம் முஸ்லிம் அவ்வறிவிப்பாளர்களை நியாயப்படுத்தி வாதிடவில்லை. அவர்கள் வாயிலாகத் தாம் எடுத்தாண்ட ஹதீஸ்கள் நம்பகமானவர்கள் வழியாகவும் அறியப்பட்டவையே என்றும், இவர்கள் வழியில் தொடர் குறுகியதாக அமைவதால் அதனைத் தேர்ந்ததாகவும் விளக்கினார். பின்னர் ரய் நகருக்கு வந்தபோது இப்னு வாராவும் அவரைக் கண்டித்தார். தாம் தொகுத்தவை ஸஹீஹானவை என்றுதான் கூறியதாகவும், தாம் விட்டவை பலவீனமானவை என்று ஒருபோதும் கூறவில்லை எனவும் இமாம் முஸ்லிம் பதிலளித்தார். இப்னு வாரா அவ்விளக்கத்தை ஏற்றுக்கொண்டு அவருக்கு ஹதீஸும் அறிவித்தார். ஹதீஸில் சுட்டிய குறையை ஏற்று விடுதல், தெரிவின் காரணத்தை விளக்குதல், நூலின் எல்லையைத் தெளிவுபடுத்துதல் என ஒரே நூலைக் குறித்து எழுந்த விமர்சனங்களுக்கு அவர் அளித்த பதில்கள் வெவ்வேறானவை. எல்லாவற்றுக்கும் தலையசைத்திருந்தால் நமக்கு இன்று அந்த ஸஹீஹ் இருந்திராது.

விமர்சிப்பவரும் தவறக்கூடும் என்பதற்கு அபூ ஸுர்ஆவே சான்று. இமாம் புகாரியின் அத்-தாரீகுல் கபீரில் அவர் கண்ட பிழைகளையும், அவற்றைக் குறித்து அபூ ஹாதிம் அர்-ராஸீ கூறியவற்றையும் பின்னவரின் மகன் இப்னு அபீ ஹாதிம் (மறைவு ஹி. 327/கி.பி. 938) தனி நூலாகத் தொகுத்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கடந்து அந்நூல் நம் நாட்டு அச்சகமொன்றிலிருந்து வெளிவந்தது. 1888இல் ஹைதராபாத்தில் நிறுவப்பட்ட தாஇரத்துல் மஆரிஃபில் நீண்டகாலம் பணிபுரிந்து, பின்னர் மக்கா ஹரம் நூலகத்துக்குச் சென்ற எமன் நாட்டறிஞர் அப்துர் ரஹ்மான் அல்-முஅல்லிமீ (மறைவு 1966) அதனைப் பதிப்பித்தார். தாரீகையும் இந்நூலையும் வரிக்கு வரி ஒப்பிட்ட அவர், அபூ ஸுர்ஆ பிழையெனச் சுட்டிய இடங்கள் பலவற்றில் நமக்குக் கிடைத்துள்ள தாரீகில் சரியான வடிவமே இருப்பதைக் கண்டார். அபூ ஸுர்ஆ பார்த்தது முந்திய வடிவமொன்றின் பிரதி என்பதும், படியெடுத்தவரின் பிழைகளும் அதில் கலந்திருந்தன என்பதும் அவரது முடிவு.

இதனை எதிர்பார்த்தே போலும், பிரதியில் ஒரு சொல் தவறெனத் தோன்றினால் அதனை அழித்துவிடாமல் அவ்வாறே விட்டு, மேலே ஓர் அடையாளமிட்டு, சரியெனக் கருதுவதை ஓரத்தில் எழுத வேண்டும் என்று முன்னோர் கற்பித்தனர். ‘தழ்பீப்’ எனப்படும் அவ்வடையாளத்தின் பயனை இப்னுஸ் ஸலாஹ் (மறைவு ஹி. 643/கி.பி. 1245) விளக்குகிறார். பின்னால் வருபவர் ஒருவருக்கு, நாம் பிழையென நினைத்தது சரியெனப் புலப்படலாம் அல்லவா?

இனி, மறுபக்கத்தையும் காண வேண்டும். கூஃபாவின் புகழ்பெற்ற இமாம் வகீஃ பின் அல்-ஜர்ராஹ் (மறைவு ஹி. 197) அவர்களின் மகன் ஸுஃப்யான் நற்பண்புடையவர், வாய்மையுடையவர் என்றே அறிஞர்கள் கூறுகின்றனர். தந்தையின் நூல்கள் அவரிடம் இருந்தன. ஆனால் அவருக்கு வாய்த்த படியெடுப்பாளர் (வர்ராக்), அவருடையன அல்லாத ஹதீஸ்களை அவர் ஏடுகளில் நுழைத்துவந்தார். கூஃபா அறிஞர்கள் சிலர் இதுபற்றி அவரிடம் பேசுமாறு அபூ ஹாதிம் அர்-ராஸீயிடம் கேட்டுக்கொண்டனர். அவர்களுடன் சென்ற அபூ ஹாதிம் மிகுந்த கண்ணியத்துடன் பேச்சைத் தொடங்கினார். தந்தையாரின் பொருட்டும் தங்கள் பொருட்டும் எங்கள் மீது தங்களுக்கு உரிமை உண்டு. தந்தையாரின் நூல்களோடு மட்டும் நின்றிருந்தால் மக்கள் வாகனமேறித் தங்களை நாடி வந்திருப்பார்கள் என்றார். என் மீது என்ன குறை காண்கிறார்கள் என்று ஸுஃப்யான் கேட்டார். அபூ ஹாதிம் சொன்னார். அப்படியானால் வழி என்ன என்று அவர் வினவியபோது வழியும் சொல்லப்பட்டது: படியெடுத்த ஏடுகளை எறிந்துவிட்டு மூலப் பிரதிகளோடு நின்றுகொள்ளுங்கள், இந்த வர்ராக்கை விலக்குங்கள், நம்பிக்கைக்குரிய இப்னு கராமாவை அழைத்து அவர் பொறுப்பில் மூலங்களை விடுங்கள். ஏற்றுக்கொண்டேன் என்றார் ஸுஃப்யான்.

அந்த வர்ராக் பக்கத்து அறையொன்றில் மறைந்திருந்து இவ்வுரையாடல் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்ததாகப் பின்னர் தமக்குத் தெரியவந்தது என்கிறார் அபூ ஹாதிம். சொன்னவற்றுள் எதனையும் ஸுஃப்யான் செய்யவில்லை. அவருடைய ஹதீஸ்கள் விலக்கப்பட்டன, ஹி. 247இல் அவர் மறைந்தார். அவர் நல்லவர், ஆயினும் எடுத்துச் சொல்லப்பட்டும் மீளாததால் கைவிடத் தக்கவரானார் என்பது இப்னு ஹிப்பானின் தீர்ப்பின் சாரம்.

ஸுஃப்யான் சினம் கொள்ளவில்லை, வாதிடவில்லை, வந்தவர்களை அவமதிக்கவும் இல்லை. பொறுமையாகக் கேட்டார், வழியும் கேட்டார், இணங்கினார். வெளித்தோற்றத்தில் தாகிலீயை விட இவரே திருத்தத்தை அழகாக ஏற்றவர். நம் சமூக நிறுவனங்களின் கூட்டங்களில் குறைகள் எடுத்துரைக்கப்படும் வேளைகளில் இத்தகைய அழகான இணக்கத்தை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். ‘கவனத்தில் எடுத்துக்கொள்கிறோம்’ என்று நடவடிக்கைக் குறிப்பில் ஒரு வரி எழுதப்படுகிறது. வர்ராக் பக்கத்து அறையிலேயே இருக்கிறார்.

ஸுஃப்யானுக்கு நேர்ந்தது தற்செயலான ஒரு தண்டனை அன்று. அது விதியாகவே வகுக்கப்பட்டிருந்தது. எவருடைய ஹதீஸ் கைவிடப்படும் என்று ஷுஃபா (மறைவு ஹி. 160) கேட்கப்பட்டபோது அவர் எண்ணிச் சொன்னவர்களுள், அனைவரும் தவறென ஒப்புக்கொண்ட ஒன்றில் தன்னையே ஐயுறாமல் பிடிவாதம் காட்டுபவரும் ஒருவர். தவறு விளக்கப்பட்ட பின்பும் அதில் ஊன்றி நிற்பவரின் அறிவிப்புகள் வீழ்ந்துவிடும் என்ற கருத்து இப்னுல் முபாரக், ஹுமைதீ, அஹ்மத் பின் ஹன்பல் ஆகியோரிடமிருந்து எடுத்துக்கூறப்படுகிறது. இப்னுஸ் ஸலாஹ் இதற்கு ஒரு வரையறை இடுகிறார். மீளாமைக்குக் காரணம் முரட்டுப் பிடிவாதமே என்று தெரியவந்தால்தான் இவ்விதி பொருந்தும். ஆய்ந்து பார்த்தும் தம் கருத்தே சரியெனக் கண்டவருக்குப் பொருந்தாது. தவறாதவர் யாருமில்லை என்பதை அறிந்தவர்கள் அவர்கள். எனவே நம்பகத்தை அளக்கும் கோல்களுள் ஒன்றைத் தவறுக்குப் பிந்திய நடத்தையில் வைத்தனர். தனிமனிதரின் பணிவு சார்ந்ததென நாம் கருதும் ஒரு பண்பை, அதனை இழந்தால் வாழ்நாள் உழைப்பையே இழக்க நேரும் துறை ஒழுங்காக அவர்கள் மாற்றியது இவ்வாறுதான்.

நூறாண்டு கடந்து பக்தாதுக்கு வருவோம். அங்கே மொழியறிஞர் அபூ பக்ர் இப்னுல் அன்பாரீ (மறைவு ஹி. 328/கி.பி. 940) வெள்ளிக்கிழமைகளில் ஹதீஸ் சொல்லி எழுதுவிக்கும் அவை நடத்திவந்தார். நினைவாற்றலுக்குப் பெயர்பெற்றவர், ஏட்டைக் கையிலெடுக்காமல் மனனத்திலிருந்தே எழுதுவிப்பார் என்பர். அவை பெரிதாதலால் அவர் கூறுவதை உரக்கத் திருப்பிச் சொல்ல ‘முஸ்தம்லீ’ எனும் உதவியாளர் ஒருவர் உண்டு. ஒரு வெள்ளியன்று ஒரு தொடரில் வந்த பெயரை அவர் மாற்றிச் சொல்லிவிட்டார். ஹய்யான், ஹப்பான் என்னும் இரு பெயர்களுக்கிடையே நேர்ந்த மயக்கம் அது. அரபு எழுத்தில் இவ்விரண்டுக்கும் வேறுபாடு கீழிடும் ஒரு புள்ளியே. மெய்க்குப் புள்ளியிடாத ஏட்டுச் சுவடிகளைப் படித்துத் துன்புற்ற தமிழ்ப் பதிப்பாசிரியர்களின் அனுபவம் நினைவுக்கு வரலாம்.

அவையில் ஓர் இளைஞர் இருந்தார். வயது இருபத்திரண்டைத் தாண்டியிராது. இத்தகைய பெரியவர் வழியாக ஒரு பிழை பரவிவிடுமே என்ற கவலை ஒருபுறம். அவரை இடைமறிக்கத் துணிவின்மை மறுபுறம். அவை கலைந்ததும் முஸ்தம்லீயிடம் சென்று பிழையையும் திருத்தத்தையும் சொல்லிவிட்டு அகன்றார். அடுத்த வெள்ளி அவை கூடியது. இப்னுல் அன்பாரீ முஸ்தம்லீயைக் கூப்பிட்டு அவையோருக்கு அறிவிக்கச் செய்தார். சென்ற வாரம் இன்ன ஹதீஸில் இன்ன பெயரைப் பிழையாகச் சொல்லிவிட்டோம்; அந்த இளைஞர் சரியானதை நமக்கு உணர்த்தினார்; நாம் மூலப் பிரதிக்குத் திரும்பிப் பார்த்தோம்; அவர் சொன்னபடியே இருந்தது. இதனை அவ்விளைஞருக்கும் தெரிவித்துவிடுக என்பது அவ்வறிவிப்பின் பொருள். கதீப் அல்-பக்தாதீ தம் பக்தாத் வரலாற்றில் இதனைப் பதிந்துள்ளார்.

மனனத்திலிருந்து எழுதுவிப்பவர் என்று பெயர்பெற்ற ஒருவர் மூலப் பிரதியைத் தேடிச் சென்றதாக அவையறியச் சொல்வது, அப்பெயரையே ஓரளவு விலையாகக் கொடுப்பதாகும். தனிமையில் சொல்லப்பட்ட பிழையைத் தனிமையிலேயே தீர்த்துக்கொள்ள அவருக்கு வழியிருந்தது. பிழை அவையில் எழுதப்பட்டது; ஆகவே திருத்தமும் அவையில் எழுதப்பட வேண்டும் என்று அவர் கருதினார் போலும். நம் பதிப்புலகில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இரண்டாம் பதிப்பில் ஓசையின்றித் திருத்தப்படுவதுண்டு. அதுவும் இல்லாமற்போவதை விட நன்றே. ஆனால் முதற்பதிப்பை வாங்கிச் சென்ற வாசகர் அப்பிழையோடே வாழ்ந்துகொண்டிருப்பார். சுட்டியவரின் பெயர் எங்கும் இராது.

அந்த இளைஞரே பின்னாளில் ஹதீஸ்களின் நுண்குறைகளை ஆய்வதில் நிகரற்றவராகக் கருதப்பட்ட இமாம் தாரகுத்னீ (ஹி. 306–385/கி.பி. 918–995). எழுத்தால் ஒத்து ஒலியால் வேறுபடும் பெயர்களைப் பற்றியே விரிவான நூலொன்றை அவர் எழுதினார். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஸஹீஹ்களிலும் ஆய்வுக்குரியனவாகத் தாம் கண்ட ஹதீஸ்களையும் தொகுத்தளித்தார். அவற்றுக்கு நவவீயும் இப்னு ஹஜரும் பின்னர் எழுதிய மறுமொழிகள் தனித்து ஆராயத் தக்கவை. முதல் திருத்தத்தை ஓர் அவை எவ்வாறு எதிர்கொண்டது என்பது ஓர் இளம் ஆய்வாளரின் பிற்காலத்தை எவ்வளவு தீர்மானிக்கிறது என்று சொல்லும் துணிவு நமக்கில்லை. ஆயினும் முதல் வெள்ளியன்று வாய்திறக்கத் தயங்கியவரே இவர்.

தாரகுத்னீ எகிப்துக்குச் சென்றபோது அவரிடம் பயின்றவர்களுள் முதன்மையானவர் அப்துல் கனீ பின் ஸஈத் அல்-அஸ்தீ (ஹி. 332–409/கி.பி. 944–1018). மயங்கும் பெயர்களைக் குறித்து இவரும் நூலெழுதினார். அதனைத் தமக்கு வாசித்துக்காட்டுமாறு தாரகுத்னீ கேட்டபோது, பெரும்பகுதி தங்களிடமிருந்து பெற்றதாயிற்றே என்று கூச்சமுற்றார் மாணவர். என்னிடம் பெற்றவை சிதறலாகப் பெற்றவை, இதில் நீர் பிறரிடம் பெற்றவையும் உள்ளன என்று சொல்லி, ஆசிரியர் அமர்ந்து கேட்டார்.

இதே காலத்தில் கிழக்கே நைஸாபூரில் புகழின் உச்சியில் இருந்தவர் இமாம் அபூ அப்தில்லாஹ் அல்-ஹாகிம் (ஹி. 321–405/கி.பி. 933–1014). அவரும் தாரகுத்னீயோடு அறிவுத்தொடர்பு கொண்டிருந்தவர். இமாம் முஸ்லிம் தம் ஆசிரியர் புகாரியை அணுகி, ஒரு ஹதீஸில் மறைந்துள்ள குறையைத் தமக்கு விளக்குமாறு பணிந்து கேட்ட நிகழ்ச்சியை நமக்குச் சொன்னவரும் அவரே. ஸஹீஹ் நூல்களுக்கு முன்னுரையாக அவர் எழுதிய ‘அல்-மத்கல்’ எகிப்துக்கு வந்து சேர்ந்தது. அப்துல் கனீ அதனை வாசித்தார். பெயர்களிலும் மரபுகளிலும் பிழைகள் பல இருக்கக் கண்டு, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டும் நூலொன்றை எழுதினார். அந்நூல் இன்றும் அச்சில் கிடைக்கிறது. எகிப்தில் அப்போது நிலைமை அமைதியானதாக இல்லை. நண்பர்கள் இருவரை ஃபாத்திமிய ஆட்சியாளர் கொன்றதனால் அப்துல் கனீயே சிலகாலம் மறைந்து வாழ நேர்ந்தது. அவ்வாட்சியாளரின் பட்டப்பெயரும் அல்-ஹாகிம் என்பதால் வாசகர் இருவரையும் குழப்பிக்கொள்ள வேண்டா.

நைஸாபூரின் ஹாகிம் வயதிலும் புகழிலும் மூத்தவர். பிழைகாட்டியவரோ வேறொரு நாட்டினர், வேறோர் ஆட்சியின் கீழ் இருந்தவர். பதிலே எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதினாலும் மறுப்புக்கு மறுப்பாக ஒரு நூலையே எழுதும் ஆற்றல் அவருக்கு இருந்தது. அவர் ஒரு கடிதம் எழுதினார். அதில் அப்துல் கனீக்கு நன்றி கூறியிருந்தார். அவருக்காக துஆவும் செய்திருந்தார். கெய்ரோவில் அக்கடிதம் கைக்குக் கிடைத்தபோது தமக்கு ஏற்பட்ட எண்ணத்தை அப்துல் கனீ பின்னாளில் சொல்லியிருக்கிறார். பிழைகள் நிறைந்த ஒரு நூலை எழுதியவர் என்று அதுவரை தாம் அறிந்திருந்த அந்த மனிதர் அறிவுடையவர் என்பதை, அக்கடிதத்தைக் கொண்டே தெரிந்துகொண்டாராம்.